8 மணிக்கே வெயிட்டிங் லிஸ்ட்... ரயில்வேயின் புதிய டேட்டாபேஸ் வந்தால் பெர்த் கிடைக்குமா?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்க்கும் தென்மாவட்டப் பசங்களுக்கு, வருஷத்தில் ஒரு நாள் காலை 7.55 மணி ரொம்ப முக்கியம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ரயிலுக்கு முன்பதிவு திறக்கும் நாள் அது. நெல்லை எக்ஸ்பிரஸோ பொதிகையோ பாண்டியனோ, எதுவாக இருந்தாலும் செங்கல்பட்டில் ஏறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, ரூமில் நாலு பேர் நாலு போனில் லாக் இன் செய்து காத்திருப்பார்கள். 8 மணிக்குத் தட்டினால் திரையில் சக்கரம் சுற்றும். அது நிற்கும்போது மூன்று இலக்கத்தில் வெயிட்டிங் லிஸ்ட்.

அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் மெசேஜ் எல்லோருக்கும் மனப்பாடம்: “சர்வர் மோசம்பா, மாத்தணும்.”

சர்வரை உண்மையிலேயே மாற்றுகிறார்கள். பயணிகள் முன்பதிவு அமைப்பை, அதாவது பி.ஆர்.எஸ்-ஐ, அடியோடு புதுப்பிப்பதாக ரயில்வே 2025-இல் அறிவித்தது. அதற்கு வைத்த இலக்கு 2025 டிசம்பர். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட் என்ற எண்தான் தலைப்புச் செய்தி ஆனது. ஆனால், இந்த மாற்றத்துக்கான முதல் காரணம் வேகம் இல்லை. புதியது வந்தாலும் 8.02 மணிக்கு வரும் பதில் பலருக்கு அதேதான். அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய வேலை? பார்ப்போம்.

ஐ.ஆர்.சி.டி.சி. வேறு, பி.ஆர்.எஸ். வேறா?

ஆமாம். நாம் திட்டுவது பெரும்பாலும் ஐ.ஆர்.சி.டி.சி-யைத்தான். ஆனால், அது வாசல் மட்டும்தான். 2002 ஆகஸ்டில் இணைய டிக்கெட் தொடங்கியபோது திறக்கப்பட்ட வாசல். உள்ளே இருக்கும் பேரேடுதான் பி.ஆர்.எஸ். எந்த ரயில், எந்தத் தேதி, எந்தப் பெட்டி, எந்த பெர்த், யார் பெயர் என்பதெல்லாம் அதில்தான் பதிவாகிறது. அதைப் பராமரிப்பது ரயில்வேயின் கணினிப் பிரிவான கிரிஸ். 1986-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

காஞ்சிபுரம் ஸ்டேஷன் கவுன்ட்டரில் படிவம் எழுதிக் கொடுக்கும் பெரியவரும், ஒரகடம் ஹாஸ்டலில் ஆப்பைத் தட்டும் இளைஞரும் ஒரே பேரேட்டில் ஒரே பெர்த்துக்குத்தான் போட்டி போடுகிறார்கள். இன்று முன்பதிவு டிக்கெட்டுகளில் 80 சதவிகிதத்துக்கு மேல் ஆன்லைனில்தான் எடுக்கப்படுகின்றன. ஆனாலும் பேரேடு ஒன்றுதான்.

இந்தப் பேரேடு எப்போ வந்தது?

1985-இல் புதுடெல்லியில் சோதனை முறையில் ஆரம்பம். அதற்கு முன் கவுன்ட்டரில் தடிமனான நோட்டுப் புத்தகம்தான். பொதுத்துறை நிறுவனமான சி.எம்.சி. உருவாக்கிய ‘இம்ப்ரெஸ்’ என்ற மென்பொருள், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் ஓடியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று பரவியது.

ஒவ்வொரு மையமும் தனித்தீவு. டெல்லியிலிருந்து கிளம்பும் ரயிலுக்குச் சென்னை கவுன்ட்டரில் நேராக பெர்த் பார்க்க முடியாது. இந்த ஐந்து மையங்களையும் ‘கான்செர்ட்’ என்ற மென்பொருள் மூலம் ஒரே வலையாக இணைத்து முடித்தது 1999-இல். ‘எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட்’ என்று இன்று நாம் சாதாரணமாக நினைப்பது அப்போதுதான் சாத்தியமானது.

இப்போது ஓடுவது 2010-இல் அமைக்கப்பட்ட கட்டமைப்பு. ஓப்பன் வி.எம்.எஸ். என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், இட்டானியம் என்ற சிப் பொருத்திய சர்வர்கள். இது ரயில்வேயே வெளிப்படையாகச் சொன்ன தகவல். கதையின் முக்கியமான திருப்பம் இந்த இரண்டு பெயர்களில்தான் இருக்கிறது.

நன்றாக ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும்?

ஓப்பன் வி.எம்.எஸ். மோசமான சிஸ்டம் இல்லை. வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடும் என்று வங்கிகளும் பங்குச்சந்தைகளும் நம்பிய சிஸ்டம். பிரச்னை அது நிற்கும் தரையில்.

இட்டானியம் சிப் 2001-இல் இன்டெல், எச்.பி. கூட்டணியில் வந்தது. அடுத்த தலைமுறை சர்வர்கள் எல்லாம் இதில்தான் ஓடும் என்றார்கள். அப்படி நடக்கவில்லை. ரயில்வே இதை அமைத்த மறு வருஷமே, 2011 மார்ச்சில், இட்டானியத்துக்கு இனி மென்பொருள் எழுத மாட்டோம் என்று ஆரக்கிள் அறிவித்தது. எச்.பி. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது. ஆனால், சந்தைக்கு சேதி புரிந்துவிட்டது. 2014-இல் ஓப்பன் வி.எம்.எஸ்-ஐ வளர்க்கும் பொறுப்பை வி.எஸ்.ஐ. என்ற சிறிய நிறுவனத்திடம் எச்.பி. ஒப்படைத்தது. 2021 ஜூலை 29-உடன் இட்டானியம் சிப் அனுப்புவதையே இன்டெல் நிறுத்திக்கொண்டது.

அதாவது, இந்தியாவின் பெர்த் பேரேடு நிற்கும் தரைக்கு இனி புதுக்கல் செய்ய ஆளில்லை. பழுதானால் கையிருப்பில் உள்ள பாகங்களையோ பழைய சாமானையோ தேட வேண்டும். அதை இயக்கத் தெரிந்தவர்களும் வருஷா வருஷம் ஓய்வு பெறுகிறார்கள். இன்று எந்தக் கல்லூரியிலும் வி.எம்.எஸ். பாடம் கிடையாது. இயந்திரம் இன்றைக்கு ஓடுகிறது என்பது அடுத்த ஐந்து வருஷத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

மிகப் பெரிய டேட்டாபேஸுக்குத் தளம் தேர்வு செய்யும்போது, ‘இன்று எது வேகம்?’ என்ற கேள்வி பாதிதான். ‘15 வருஷம் கழித்து இதை யார் செய்வார்கள், யார் பழுது பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் நாம் எப்படி வெளியே வருவது?’ என்பதுதான் மீதிப் பாதி. 2010-இல் இட்டானியத்தைத் தேர்ந்தெடுத்ததை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே வி.எம்.எஸ்-இல் ஓடிக்கொண்டிருந்த அமைப்புக்கு அதுதான் இயல்பான அடுத்த படி. ஆனால், அந்தப் படிக்கட்டு அங்கேயே முடிந்துவிட்டது.

ரயில்வே முன் இருந்த வழிகள் என்ன?

இந்த நிலையில் எந்த நிறுவனத்துக்கும் மூன்று வழிகள்தான்.

ஒன்று, இருப்பதை அப்படியே இழுப்பது. உதிரி பாகங்களை வாங்கிக் குவித்து நாளைத் தள்ளுவது. செலவு குறைவு போலத் தெரியும். ஆனால், ஒருநாள் நின்றால் மொத்தமாக நின்றுவிடும்.

இரண்டு, மென்பொருளை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றுவது. சாதாரண எக்ஸ்86 சர்வர்களில் ஓடும் ஓப்பன் வி.எம்.எஸ். 2022 ஜூலையில் வெளிவந்தது. பழைய புரோகிராமைக் கொண்டுபோய் அதில் வைக்கலாம். ஆபத்து குறைவு. ஆனால், அந்த மென்பொருளுக்கு ஒரே ஒரு சிறிய நிறுவனத்தைச் சார்ந்திருப்பது தொடரும்.

மூன்று, இன்றைய கிளவுட் தொழில்நுட்பத்துக்கு ஏற்ப எல்லாவற்றையும் புதிதாக எழுதுவது. வன்பொருள், மென்பொருள், நெட்வொர்க், பாதுகாப்பு எல்லாமே. ரயில்வே எடுத்தது இந்த வழி. நீண்ட காலத்துக்கு இதுவே சரி. அதே சமயம் மூன்றிலும் ஆபத்து அதிகமானதும் இதுதான்.

ஏன் ஆபத்து? 40 வருஷப் பழக்கவழக்கம் முழுக்க அந்தப் பழைய புரோகிராமுக்குள் இருக்கிறது. பெண்களுக்கான கோட்டா, மூத்த குடிமக்களுக்குக் கீழ் பெர்த், அவசர கோட்டா, தட்கல், ஆர்.ஏ.சி., நடுவழி ஊர்களுக்கான கோட்டா, ஒருவர் ரத்து செய்தால் அடுத்து யார் மேலே வருவார் என்ற வரிசை... இவற்றில் ஒரு விதியைத் தவறாக எழுதினாலும் சர்வர் டவுன் ஆகாது. டிக்கெட் வரும். ஆனால், யாருக்கோ போக வேண்டிய பெர்த் வேறு யாருக்கோ போகும். அது யாருக்கும் தெரியாமலே நடக்கும். வேகம் குறைவதைவிட இதுதான் பயமான விஷயம்.

நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம்... இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

2025 மே 22 காலை 10 மணிக்கு, ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானதுதான் அதுவரை சாதனை. 10 மணி என்றால் ஏ.சி. தட்கல் திறக்கும் நேரம் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த மாதம் ரயில்வே வெளியிட்ட அறிவிப்பில், நிமிடத்துக்கு இப்போது 32,000 டிக்கெட், இனி ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு வேறு: இப்போது சுமார் 25,000, இனி ஒரு லட்சத்துக்கு மேல். எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. சாரம் ஒன்றுதான். 4 முதல் 5 மடங்கு.

இன்னொரு எண்ணை நிறைய பேர் கவனிக்கவில்லை. ‘பெர்த் இருக்கா?’ என்று பார்க்கும் விசாரணைகள் நிமிடத்துக்கு 4 லட்சத்திலிருந்து 40 லட்சம் ஆகும் என்றது அதே ஜூன் அறிவிப்பு. இது 10 மடங்கு. பார்ப்பது 10 மடங்கு கூடும்போது, எடுப்பது ஏன் 5 மடங்குதான் கூடுகிறது?

ஏனென்றால், பார்ப்பதை நகல் எடுக்கலாம். பேரேட்டின் பத்து பிரதிகளைப் பத்து இடத்தில் வைத்தால் பத்து மடங்கு பேர் பார்க்கலாம். எழுதுவதை அப்படிச் செய்ய முடியாது. எஸ்-4 பெட்டியில் 23-ஆம் பெர்த் ஒன்றுதான் இருக்கிறது. ஆயிரம் பேர் ஒரே நொடியில் கேட்டாலும், ஒருவர் பெயர் எழுதப்படும்வரை மற்ற 999 பேரும் நிற்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பெர்த் இரண்டு பேருக்குப் போய்விடும். டேட்டாபேஸ் மொழியில் இதற்குப் பெயர் ‘லாக்’. பேங்க் கவுன்ட்டரில் ஒரே பாஸ்புக்கில் இரண்டு கிளர்க்குகள் ஒரே நேரத்தில் எழுத முடியாது இல்லையா, அதே கதை.

வெவ்வேறு ரயில்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸுக்கும் கோவை ரயிலுக்கும் பெர்த் சண்டை கிடையாது. ஆகவே, ‘ஒரு ரயில், ஒரு தேதி’ என்று பேரேட்டைத் துண்டு போட்டு, பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். மொத்த வேகம் கூடும். ஆனால், பொங்கலுக்கு முந்தைய நாள் நெல்லை எக்ஸ்பிரஸ் என்ற ஒரே துண்டில் எல்லோரும் விழுந்தால், பக்கத்தில் இருக்கும் ஆயிரம் சர்வர்களால் பெரிய உதவி இல்லை.

ஆதார் இதைவிடப் பெரிசாச்சே? அவங்க எப்படிச் சமாளிச்சாங்க?

நல்ல கேள்வி. 2010 செப்டம்பரில் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் 100 கோடியைத் தாண்டியது. ஆரம்பத்திலேயே அவர்கள் எடுத்த முடிவு: எந்த ஒரு கம்பெனியின் தனி இயந்திரத்தையும் நம்பி இருக்கக் கூடாது. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் சர்வர்கள், மைஎஸ்கியூஎல், ஹெச்பேஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்கள். ஒரு சர்வர் போனால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று.

ரயில்வே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அந்த முடிவில் இருக்கிறது. ஆனால், வேலையின் தன்மை வேறு. ஆதார் சரிபார்ப்பு என்பது ‘இது இவர்தானா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில். என் கைரேகைக்கு நீங்கள் போட்டிக்கு வரமாட்டீர்கள். எனவே துண்டு போடுவது சுலபம். டேட்டாபேஸ் எவ்வளவு பெரியது என்பதைவிட, அதில் எத்தனை பேர் ஒரே வரிக்குச் சண்டை போடுகிறார்கள் என்பதுதான் தளத்தைத் தீர்மானிக்கிறது.

கூட்டம் சில நிமிஷம்தானே, அதுக்கு இவ்வளவு சர்வரா?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க 2019-ஐ நினைவுபடுத்தினால் போதும். அத்திவரதர் தரிசனம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். ஒரு கோடிப் பேர் வந்ததாகச் சொன்னார்கள். தற்காலிக பஸ் நிலையங்கள், பந்தல்கள், வரிசைத் தடுப்புகள். வெளியூர் வண்டிகள் ஊருக்குள் வர முடியவில்லை. அடுத்த தரிசனம் 2059-இல். அந்தக் கூட்டத்துக்கு ஏற்றபடி ஊர் முழுக்க நிரந்தரமாக ரோடு போட முடியாது. போடாமலும் இருக்க முடியாது. அதனால் தற்காலிக ஏற்பாடு.

பி.ஆர்.எஸ்-க்கு இந்த அத்திவரதர் கூட்டம் தினமும் மூன்று முறை வருகிறது. காலை 8, 10, 11. மற்ற நேரத்தில் சர்வர்களுக்குப் பெரிய வேலை இல்லை. 2010 அமைப்பில் அந்தச் சில நிமிஷங்களுக்காக வாங்கிய இயந்திரம் மீதி நாள் முழுக்கச் சும்மா இருக்கும். கிளவுட் முறையில் கூட்ட நேரத்தில் கூடுதல் சர்வர்களைச் சேர்த்து, பிறகு விட்டுவிடலாம். கிளவுட்டுக்குப் போவதன் உண்மையான லாபம் இது.

ஆனால், கூட்டத்தில் எல்லோரும் மனிதர்கள் இல்லை. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிஷத்தில் லாக் இன் முயற்சிகளில் 50 சதவிகிதம் வரை பாட்கள் என்று 2025 ஜூனில் ரயில்வே சொன்னது. சந்தேகத்துக்கு உரிய இரண்டரைக் கோடி கணக்குகளை முடக்கியதாகவும் சொன்னது. ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. வாசலில் வடிகட்டாமல் உள்ளே சர்வரை மட்டும் பெருக்கினால், பாட்டுக்கும் சேர்த்துத்தான் வேகம் கூடும்.

ஓடும் தறியில் பாவு மாற்றுவது எப்படி?

கடினமான பகுதி இதுதான். பி.ஆர்.எஸ்-ஐ மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க முடியாது. எந்த நாளில் மாற்றினாலும், அடுத்த 60 நாள்களுக்கான டிக்கெட்டுகள் ஏற்கெனவே உள்ளே இருக்கும். முன்பு இது 120 நாள். 2024 நவம்பர் 1 முதல் 60 ஆனது. டிக்கெட் ரத்தும், எடுத்துவிட்டு வராமல் இருப்பதும் அதிகம் என்பதுதான் ரயில்வே சொன்ன காரணம். ஆனால், இடம் மாற்ற வேண்டிய சுமையும் அதனால் பாதியானது.

காஞ்சிபுரம் தறியில் முந்தானைக்கு வேறு நிறம் வேண்டும் என்றால், பாவை வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையைப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். இணையும் இடத்தில் சிறிது தூரம் இரண்டும் சேர்ந்தே ஓடும். பிணைப்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பழையதை வெட்டுவார்கள். டேட்டாபேஸ் மாற்றத்திலும் பாதுகாப்பான முறை இதுதான். பழையதும் புதியதும் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். ஒரே கேள்விக்கு இரண்டும் ஒரே பதில் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பு வந்தால் திரும்பிவர வழி வேண்டும்.

அப்படிச் செய்யாதவர்கள் கதை தெரியுமா? பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் 52 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு மாற்றியது. டேட்டா ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. தளம்தான் சுமை தாங்கவில்லை. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். எல்லாம் முழுதாகச் சரியாக அந்த வருஷம் டிசம்பர் ஆனது. தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். 2022-இல் 4.86 கோடி பவுண்டு அபராதம். நம்மூரில் 2021 ஜூன் 7-இல் திறந்த வருமான வரி புதிய இணையதளம் எத்தனை வாரம் படுத்தியது என்று உங்கள் ஆடிட்டரைக் கேட்டால் சொல்வார்.

ரயில்வேக்கு நல்ல அனுபவமும் உண்டு. கொரோனாவுக்குப் பின் சிறப்பு ரயில்களைப் பழைய எண்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். 2021 நவம்பர் 14 இரவு தொடங்கி ஏழு இரவுகள், 11.30 முதல் காலை 5.30 வரை மட்டும் முன்பதிவை நிறுத்தி, படிப்படியாக முடித்தார்கள். பகலில் பயணிகளுக்குப் பெரிதாகத் தெரியவே இல்லை. தளம் மாற்றுவது அதைவிடப் பல மடங்கு பெரிய வேலைதான். ஆனால், அந்த நிதானம்தான் இதற்கும் வேண்டும்.

சரி, பெர்த் கிடைக்குமா?

நேர்மையான பதில்: டேட்டாபேஸால் பெர்த் முளைக்காது. எல்.எச்.பி. ஸ்லீப்பர் பெட்டியில் 80 பெர்த் என்றால், எந்த சர்வர் வந்தாலும் 80-தான். புதிய அமைப்பில் சக்கரம் சுற்றாது, பணம் பிடித்துவிட்டு டிக்கெட் வராத அவஸ்தை குறையும், வெயிட்டிங் லிஸ்ட் என்ற பதில் சீக்கிரம் வரும். உண்மையிலேயே பெர்த் கூட வேண்டும் என்றால் கூடுதல் ரயிலும் கூடுதல் பெட்டியும்தான் வழி.

அதனால் ‘நிமிடத்துக்கு எத்தனை?’ என்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. இன்னும் நாலு கேள்வி இருக்கிறது. புதிய அமைப்பில் கோட்டா விதிகள் பழையபடியே வேலை செய்கின்றன என்று யார் சரிபார்த்தார்கள்? மாற்றத்தின்போது தவறு நடந்தால், போன் இல்லாமல் கவுன்ட்டரை நம்பி வருபவருக்கு என்ன ஏற்பாடு? கிளவுட்டில் இருக்கும் நம் பெயர், போன் நம்பர், பயண விவரம் யார் கட்டுப்பாட்டில்? பயணிகள் டேட்டாவைக் காசாக்க ஆலோசகர் தேடிய டெண்டரை எதிர்ப்பு வந்த பிறகு 2022 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. வாபஸ் வாங்கியது நினைவிருக்கட்டும். கடைசியாக, 2040-இல் இந்தத் தளமும் பழசாகும்போது வெளியே வர வழி வைத்திருக்கிறார்களா?

அடுத்த முறை 8.02-க்கு வெயிட்டிங் லிஸ்ட் வந்தால் சர்வரைத் திட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். பதில் தாமதமாக வந்ததா, இல்லை பெர்த்தே இல்லையா? முதல் குறையை கிரிஸ் சரிசெய்ய முடியும். இரண்டாவதற்குக் கூடுதல் ரயில்தான் விட வேண்டும். அதை ரயில்வே வாரியத்திடம்தான் கேட்க வேண்டும்.